மாதிரிக்கு ஓர் இரங்கல் உரை

டிரைவிங் மாஸ்டர் தன் மனைவியின் நினைவுக் கூட்டத்தில் பேசிய பேச்சு அவருடையதே இல்லையாம். இணையத்திலிருந்து எடுத்ததாம். யாரோ ஒருவர் தன் அண்ணன் செத்ததற்குப் பேசியதை அப்படியே உருவி, அண்ணன் இருந்த இடத்தில் பெண்டாட்டியைப் போட்டு, மண்டபம் முழுக்க அழவைத்துவிட்டாராம் மனுஷன்.

செய்தியைக் கொண்டுவந்தவள் அக்கா. அவள் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள். ஊர்ச்சமாச்சாரமெல்லாம் இருமல் மருந்து வாங்க வருகிறவர்களோடு சேர்ந்து அவளிடம்தான் முதலில் வரும். இதைச் சொன்னது ஒரு டீச்சர். டீச்சருக்கு அவளுடைய நாத்தனார் சொன்னாளாம். நாத்தனார் போனில் தன் கண்ணாலேயே பார்த்தாளாம்.

"வரிக்கு வரி அதேதானாம்டி," என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடி. "அந்த பிரேக் சமாச்சாரம் வருமே, நான்கூட மூக்கைச் சிந்தினேனே, அதுவும் அங்க இருக்காம். நான் அழுத அழுகையெல்லாம் வேற யாரோட அண்ணனுக்கோ போயிடுச்சு."

"போய் வாபஸ் வாங்கிட்டு வா," என்றார் அத்தான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மா இருங்க. பாவம் அந்தப் பொண்ணு. அவரு மக. அத்தனை வருஷம் வீட்டு வாசலை மிதிக்காதவ, அந்தப் பேச்சைக் கேட்டுட்டுத்தான் அப்பாகிட்ட வந்து ஒட்டினா. இப்ப போன் போட்டாக்கூட எடுக்கிறதில்லையாம்."

சின்னவள் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேசை அங்கேதான். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவள் என்றாலும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அந்தப் பேச்சை எழுதியவள் அவள். அதை இணையத்தில் போட்டவளும் அவள்தான். மாஸ்டரின் மனைவியை அண்ணனாக மாற்றியதும் அவளே. வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

முதலில் அவளுக்குத் தோன்றியதை வெளியில் சொல்ல முடியாது. வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த கணமே மாஸ்டரின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள்.

சின்னவள் இதற்கு முன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தாள். லிஃப்டுக்குள் ஒட்டுகிற வாசகங்களை எழுதும் வேலை. 'லிஃப்ட் நின்றுவிட்டால் பதற்றப்பட வேண்டாம். மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்.' அதையே இரண்டு மொழியிலும் எழுத வேண்டும், ஒன்றுக்கொன்று நீளம் கூடாமல். ஒருநாள் அவர்கள் கம்பெனி லிஃப்டே பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே அவளும் யாரோ ஒரு கோட்டுக்காரரும். அவர் அந்த வாசகத்தைச் சத்தம்போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதை எழுதினவன் ஒருநாளும் லிஃப்ட்ல மாட்டியிருக்க மாட்டான்," என்றார். எழுதினது நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அடுத்த மாடி வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டாள். லிஃப்ட் நகர்ந்தது, கதவு திறந்தது, அவர் போய்விட்டார். அந்த மாதமே வேலையை விட்டாள். இனி எழுதுவதைத் தன் பெயரில் எழுதுவது, தனக்கு வேண்டியவர்களுக்கு எழுதுவது என்று முடிவு.

அந்த முடிவை எடுத்தவளுக்குத் தன்னைப் பற்றி யாரிடமாவது நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே என்பது அப்போது உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அந்த இன்னொரு மொழியில் 'நான் தேர்ந்த எழுத்தாளர்' என்று எழுதுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. அது யாரோ ஒருத்தியைப் பற்றியது போல இருக்கும். அதையே தமிழில் எழுதப்போனால் கை கூசும். அம்மா பின்னால் நின்றுகொண்டு 'போதும் உன் பவிசு' என்று சொல்வது போலிருக்கும். ஆக, வீட்டாரையும் டிரைவிங் மாஸ்டரையும் தவிரத் தமிழ் தெரிந்த யாருக்கும் அவள் எழுதுகிறவள் என்பது தெரியாமலே போனது. எழுதச் சொல்லிக் கேட்கக்கூடிய ஆட்கள் இருப்பதென்னவோ தமிழ்ப் பக்கம்தான். இதற்கு நடுவில் இந்த நாட்டுக் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அனுமதி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் என்ன தொழில் என்று கேட்பார். எழுத்து என்றால், யாருக்கு என்று கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்குக் காட்ட அவளிடம் நிரந்தரமாக ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை.

நூலகத்தின் மேல்மாடியில் ஓர் இலவச வகுப்பு நடந்தது, சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் தங்களைத் தாங்களே விற்பது எப்படி என்று. எடுத்தவர் பளிச்சென்ற வெள்ளை ஷூ போட்டிருந்தார். "ஒரு பெரிய மனுஷரோடு லிஃப்டில் ஏறுகிறீர்கள். அவர் இறங்குவதற்குள் நீங்கள் யாரென்று சொல்லிவிட வேண்டும்," என்றார்.

"லிஃப்ட்ல யாரும் பேசமாட்டாங்க சார். எல்லாரும் கதவைத்தான் பார்ப்பாங்க," என்றாள் சின்னவள். அவளுக்கு அந்தத் துறையில் அனுபவம் இருந்தது. வகுப்பு சிரித்தது. வெள்ளை ஷூ சிரிக்கவில்லை.

"சரி, உங்க மாதிரி எங்க, சாம்பிள்? ருசி பார்க்காம யாரும் வாங்க மாட்டாங்க. நீங்க எழுதினதுல ரொம்ப நல்லதை எடுத்து உங்க இணையப் பக்கத்துல போடுங்க. கீழ போன் நம்பரைப் பெருசா போடுங்க, ஒளிச்சு வைக்காதீங்க."

அவளிடம் இருந்த மாதிரிகள், லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது, அதிக எடை ஏற்றினால் என்ன ஆகும், அவ்வளவுதான். மிக நல்லது என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதை வெளியே காட்டக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

மாஸ்டரிடம் அவள் முன்பு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறாள். ரிவர்ஸ் எடுக்கிற பாடம் வந்ததும் நின்றுவிட்டாள். வேலையை விட்டபின் அவருக்கு ஒரு விளம்பரத் துண்டு எழுதிக் கொடுத்தாள். அந்தப் பழக்கத்தில்தான் மனைவி இறந்த வாரம் அவர் போன் செய்தார்.

"எழுத்தாளரம்மா, கூட்டத்துல நான் ஏதாவது பேசணுமாம். எனக்கு லெஃப்ட், ரைட், க்ளட்சைத் தவிர வேற பேச்சு வராது. வந்து எழுதிக் குடுங்க."

ஆபீஸில் உட்கார்ந்தால் அவருக்குப் பேச வரவில்லை. டேபிளைத் துடைத்தார், துடைத்த டேபிளையே மறுபடி துடைத்தார். கடைசியில் "வண்டில ஏறுங்க" என்றார். அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது.

"அதுல கால் வைக்காதீங்க. பிரேக்." டிரைவிங் ஸ்கூல் வண்டியாயிற்றே. கற்றுக்கொடுக்கிறவருக்கென்று பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார். "எங்களுக்கு வேற கார் கிடையாதும்மா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஸ்கூல் வண்டிதான். கடைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவ நீங்க இருக்கிற இடத்துலதான் உட்காருவா. காலுக்குக் கீழ பிரேக். ஒருநாள் மிதிச்சதில்ல. நான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டின நாள்லகூட."

சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"மகளை வெளிய போன்னு நான் சொன்ன அன்னிக்குக்கூட அவ ஒண்ணும் சொல்லல. மிதிச்சிருக்கலாம். ஒரு தடவையாவது மிதிச்சிருக்கலாம்."

சின்னவள் செய்ததெல்லாம் இதை வரிசைப்படுத்தியதுதான். 'என் மனைவியின் காலடியில் எப்போதும் ஒரு பிரேக் இருந்தது. நான் தப்பான பாதையில் போன நாட்களிலும் அவள் அதை மிதிக்கவில்லை. மிதித்திருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றுகிறது.' கூட்டத்தில் கடைசி வரிசையில், போவதற்குத் தயாராகக் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்த மகள், இதைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தாள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது மனைவியைப் பற்றிய வரி. அவளுக்கு மட்டும் அது மன்னிப்பு.

"நீங்க எழுதினதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்மா," என்று மாஸ்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். "தெரியாது மாஸ்டர்," என்றாள். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து வந்த பிறகுதான் கை அரிக்க ஆரம்பித்தது. ஆளை மாற்றிவிட்டால் ரகசியம் ரகசியம்தானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். மனைவியை அண்ணனாக்கினாள். மகளை அண்ணன் மகனாக்கினாள். ஊரை மாற்றினாள், வியாதியை மாற்றினாள், காரின் நிறத்தைக்கூட மாற்றினாள். பிரேக்கையும் மாற்றிப் பார்த்தாள். தையல் மெஷினின் மிதி என்று எழுதினாள். வரி செத்துப்போனது. படகின் துடுப்பு என்றாள். யாரோ செய்யுள் எழுதியது போலிருந்தது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவளுக்கு அந்த நல்ல வரியை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. உலகத்தில் டிரைவிங் ஸ்கூலுக்கா பஞ்சம் என்று சொல்லிக்கொண்டு பிரேக்கைப் பிரேக்காகவே விட்டாள். மேலே 'மாதிரி இரங்கல் உரை' என்று தலைப்பு, கீழே பெரிய எழுத்தில் போன் நம்பர்.

வெள்ளை ஷூ சொன்னது பலித்தது. இறுதிச் சடங்குகளை எடுத்து நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து மேலாளர் அம்மாள் பேசினார். "அந்த பிரேக் எழுதினது நீங்கதானே?" என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு மொழி பேசும் குடும்பங்கள் நிறைய வருகின்றன, அவர்களுக்கு எழுதிக் கொடுக்க நிரந்தரமாக ஓர் ஆள் தேவை என்றார். "எங்களுக்கு வேண்டியது ரெண்டுதாம்மா. நல்லா எழுதணும். யாருக்கு எழுதினோம்னு மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை விட்டாலும் அதோட சரி. இதைப் போட அந்தக் குடும்பத்தோட சம்மதம் வாங்கினீங்க இல்ல?"

"வாங்கினேன்," என்றாள் சின்னவள். அந்தப் பொய் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"முதலாளி நாளைக்கு மத்தியானம் உங்க பக்கத்தைப் பார்ப்பார். பார்த்துட்டுக் கூப்பிடுவோம்."

அந்த அழைப்பு வந்த சாயங்காலம்தான் அக்கா இந்தச் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"என்னடி, கால்ல சக்கரம் கட்டிவிட்ட மாதிரி நடக்கிற?" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து மேசைக்கும் சின்னவள் அலைந்ததைப் பார்த்து. சின்னவள் நின்றாள். பேச்சையும் மேலாளரின் அழைப்பையும் சொல்லிவிட்டாள்.

அக்கா அவளை இழுத்து எதிரில் உட்காரவைத்தாள். பிறகு, "நீ எழுதித்தான் நான் அழுதேனா?" என்றாள்.

"ஆமா."

"என்கிட்டயே சொல்லலையே நீ." பெருமையா கோபமா என்று அவளுக்கே நிச்சயமில்லாத குரல். ஆனால் கவுண்டரில் நின்று பழகியவள், கணக்கு உடனே ஓடியது. "சரி, இப்ப கேளு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் தாராளமா நல்லவளா இரு, யாரு வேணாங்கிறா?"

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு அப்பாகூடப் பேசாம இருக்கட்டுமா?" என்றார் அத்தான். டிவி எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

"இத்தனை வருஷம் பேசாம இருந்தவ இன்னும் அரை நாள் இருந்தா என்ன? இவளுக்கு அனுமதி கிடைக்கலைன்னா நீங்க போய் நிப்பீங்களா அந்த ஆபீஸ் ஜன்னல்ல?"

அத்தான் ரிமோட்டை எடுத்து மறுபடி டிவியைப் போட்டார். சின்னவளுக்கும் அக்கா சொன்னது சரியென்றே பட்டது. அரை நாள்தானே. ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். அடுத்த மாடியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவள் அவள். வேலை கைக்கு வந்துவிட்டால், மூச்சு விடக் கூடாது என்பதே வேலையாகிவிடும். அப்புறம் எந்த மாடியில் இறங்கிச் சொல்வது?

பேச்சைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதாதா என்றும் நினைத்துப் பார்த்தாள். போதாது. மாட்டிக்கொண்டதும் எடுத்துவிட்டார்கள் பார் என்று டீச்சரின் நாத்தனார் சொல்வாள். திருட்டு உறுதியாகிவிடும்.

காலையில் அக்கா கிளம்பிப் போன பிறகு சின்னவள் மேசையில் உட்கார்ந்தாள். சலவை இயந்திரம் உதறி உதறி ஓடிக்கொண்டிருந்தது, மேசையும் கூடவே உதறியது. இணையப் பக்கத்திலிருந்து பேச்சை எடுத்தாள். அந்த இடத்தில் எழுதினாள். முதன்முறையாகத் தமிழில்தான் முதலில் வந்தது.

'இங்கே இருந்தது மாதிரி உரை அல்ல. ஒருவர் தன் மனைவியைப் பற்றி என்னிடம் சொன்னது. சொன்னவர் அவர், வரிசைப்படுத்தியது மட்டும் நான். அவரைக் கேட்காமல் இங்கே போட்டேன். ஆள் தெரியாதிருக்க மனைவியை அண்ணனாக மாற்றினேன். அவர் இதை எங்கிருந்தும் எடுக்கவில்லை. நான்தான் அவரிடமிருந்து எடுத்தேன்.'

கீழே போன் நம்பர் அதே பெரிய எழுத்தில் இருந்தது. சரக்கு ஒன்றுமில்லாத கடை, வாசலில் மட்டும் மன்னிப்பு. முதலாளி மத்தியானம் வந்து பார்க்கப்போவது இதைத்தான். பட்டனை அழுத்திவிட்டு, மனது மாறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவிங் ஸ்கூல், ஜெராக்ஸ் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். மாஸ்டர் உள்ளே சாவிகளைக் கொக்கியில் மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். சின்னவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்," என்றார். "அது ஏற்கெனவே உங்ககிட்ட எழுதி வச்சிருந்ததா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"யாருக்கோ எழுதினதை எனக்கு மாத்திக் குடுத்தீங்களான்னு கேட்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ரெடிமேட் சட்டை வாங்கறது இல்லையா, அந்த மாதிரி. எனக்கே குழப்பமாயிடுச்சும்மா. பிரேக்கைப் பத்தி நான் உங்களுக்குச் சொன்னேனா, நீங்க எனக்குச் சொன்னீங்களா? நேத்து முழுக்க அதையேதான் யோசிக்கிறேன். அவ நிஜமாவே மிதிக்காம இருந்தாளான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

ஊர் பேசியது, மகள் நம்பியது, வேலை போகப்போவது, எதுவும் இந்த அளவு அவளைத் தாக்கவில்லை. 

"நீங்கதான் சொன்னீங்க மாஸ்டர். சிக்னல்ல. பச்சை விழுந்தும் நீங்க எடுக்கல, பின்னாடி ஹாரன் அடிச்சாங்க. அப்ப சொன்னீங்க. அதுக்கு அப்புறம்தான் நான் அண்ணன்னு மாத்தினேன். வேற யாரும் இல்ல, அந்த அண்ணன் உங்க வீட்டம்மாதான்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "அவளை ஆம்பளையாக்கிட்டீங்க."

"ஆமா."

"ஏம்மா போட்டீங்க? யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னேனே."

சாக்குகள் வரிசையில் வந்து நின்றன. வகுப்பு, அனுமதி, வெள்ளை ஷூ. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "நல்லா இருந்தது மாஸ்டர். அதான்," என்றாள்.

அவர் சாவி ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற பெண் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் இருக்கும்படி கையைக் காட்டினார்.

"மகளுக்கு நாலு தடவை போட்டுட்டேன். எடுக்கல. அப்பா மனசுலேர்ந்து சொன்னாருன்னு நினைச்சுத்தான் வந்தா. எவனோட அண்ணனுக்கோ சொன்னதுன்னு யாரோ காட்டியிருக்காங்க."

"நான் பேசறேன். நம்பர் குடுங்க."

"நீங்க பேசினா, அப்பன் கூலிக்கு ஆள் வச்சு அழுதான்னு ஆயிடும்."

"ஆகும்தான். வார்த்தை என்னுதுன்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா பிரேக் உங்களுதுன்னு சொல்றதுக்கு வண்டில கூட இருந்தவ நான் ஒருத்திதானே. வேற யாரு சொன்னா நம்புவா?"

மாஸ்டர் சுவரிலிருந்த குறியீடுகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு தன் போனை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். சின்னவள் தன் போனில் அடித்தாள். எதிர்ப்பக்கம் மணி போகத் தொடங்கியது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. எனக்கு உங்களைத் தெரியாது, உங்க அப்பா பேச்சை எழுதினவ நான். இல்லை, எழுதினவ என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவாள். உங்க அம்மா உட்கார்ற இடத்துல ஒருநாள் நான் உட்கார்ந்திருந்தேன் என்று ஆரம்பிக்கலாம். அதுவும் கதை விடுவது போலிருந்தது. மாஸ்டர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார், மணிச் சத்தம் அவருக்கும் கேட்கும் தூரத்தில்.

காதுக்குள் இன்னொரு சத்தம் நடுவில் வெட்டியது. போனை எடுத்துப் பார்த்தாள். அந்த நிறுவனத்தின் எண் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆவதற்குள்ளேயே பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"யாரு, அவளா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர். இது வேற."

அவள் அதை எடுக்கவில்லை. போனை மறுபடி காதில் வைத்தாள். வெட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டு ஓய்ந்தது. மகளுடைய போன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.